தோட்ட வண்டி விற்பனைக்கு



மூன்று மாதங்களாக எங்கள் வீட்டு முன்றிலில் நின்ற வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையைச் சென்ற வாரம் கிழித்தெடுத்தேன். "டிஜுவால்" என்று மலாயிலும், "விற்பனைக்கு" என்று தமிழிலும் நானே எழுதிய அட்டை அது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பலகையில் எழுதிப் பழகிய கைதான். ஆயினும் அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு நான்கு அட்டைகள் தேவைப்பட்டன. மூன்றைக் கிழித்துப் போட்டேன்.

வண்டி 1969ஆம் ஆண்டு செய்யப்பட்ட லேண்ட் ரோவர். இரண்டாம் வரிசையின் 'ஏ' வகை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 109 அங்குலம். ஐந்து கதவுகள். ஓட்டுநரோடு சேர்த்துப் பன்னிருவர் அமரலாம். முன்னால் மூவர், நடுவில் மூவர், பின்னால் எதிரெதிராக இரண்டு பலகைகளில் மும்மூவர். இப்படிப்பட்ட உடலமைப்பு உள்ள வண்டியை 'ஸ்டேஷன் வேகன்' என்பார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று என் மாணவன் ஒருவன் முன்பு கேட்டான். மகிழுந்து, பேருந்து, சரக்குந்து என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு அன்று உடனே விடை வரவில்லை. சொல்லின் பிறப்பை மட்டும் கூறினேன். அமெரிக்காவில் தொடர்வண்டி நிலையத்தில் இறங்குவோரையும் அவர்களுடைய பெட்டி படுக்கைகளையும் ஏற்றிக்கொண்டு வீடு சேர்ப்பதற்காக நிலைய வாசலில் காத்துக்கிடந்த வண்டிகளே 'ஸ்டேஷன் வேகன்' எனப் பெயர் பெற்றன. அதே வகை வண்டிக்கு இங்கிலாந்தில் வேறு பெயர். பெருநிலக்கிழார்களின் பண்ணைகளில் ஓடியதால் 'எஸ்டேட் கார்' என்றார்கள்.

"அப்படின்னா தோட்டத்து வண்டி, டீச்சர்!" என்றான் அவன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் மனத்தில் இருந்த எஸ்டேட் வேறு. நம் மக்கள் 'எஸ்டேட்டு' என்று சொல்லும் தோட்டம் வேறு. ஆனால், எங்கள் வண்டியைப் பொறுத்தவரை அவன் சொன்னதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் தோட்ட வண்டி என்றே பெயர்.

கேமரன் மலைக்கு வந்து சென்றவர்கள் இங்குள்ள பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் போகும் வழியிலும், கம்போங் ராஜா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலும், முட்டைக்கோசு மூட்டைகளைச் சுமந்துகொண்டு அவை முனகியபடி ஏறும். கூரை இருக்காது. சிலவற்றில் கதவும் இருக்காது. உலகின் வேறு இடங்களில் கண்காட்சிக்குப் போகும் வண்டிகள் இங்கே இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகுக்குத் தட்டுப்பாடு. ரோவர் நிறுவனத்தின் மோரிஸ் வில்க்ஸ் என்பவர், தம் பண்ணையில் ஓடிய பழைய இராணுவ ஜீப்புக்கு மாற்றாக ஒரு வண்டியைத் திட்டமிட்டார். எஃகு கிடைக்காததால் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாக வைக்கப்பட்டது. தட்டுப்பாட்டுக்காகத் தேர்ந்த அலுமினியம், மழையும் பனிமூட்டமும் ஓயாத எங்கள் மலைக்கு வரமாகிவிட்டது. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தானா ராத்தா. இங்கே துணி காய்வதே அரிது. இரும்பு மட்டும் எப்படித் தப்பும்? அலுமினியத் தகடு துருப்பிடிக்காது. ஆனால், அடியில் இருக்கும் சட்டமும், ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் உள்ள தடுப்புச் சுவரும் எஃகு. வெளியே பளபளப்பாக நிற்கும் வண்டி உள்ளே இற்றுப்போயிருக்கலாம். ஆகவே, பழைய லேண்ட் ரோவரை வாங்க வருபவர் வண்ணத்தைப் பார்க்கமாட்டார். குனிந்து அடிவயிற்றைப் பார்ப்பார்.

இந்த வண்டி எங்களிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

என் தாத்தா 1936இல் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். நோய்த்தடுப்பு முகாமில் இருந்துவிட்டு, தொடர்வண்டியில் தாப்பா ரோட் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியில் மலையேறினார். 1885இல் வில்லியம் கேமரன் அளந்த மலை இது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, காடழித்துத் தேயிலை நடும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியது. தாத்தா அதற்கு ஈராண்டு முந்திக்கொண்டார். அப்பா 1940இல் லயத்தில் பிறந்தார்.

அப்பா தேயிலை ஆலையின் பட்டறையில் பொருத்துநராக வேலை செய்தார். கொழுந்தை வாட்டும் விசிறி, உருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, தோட்டத்து வண்டிகள் எல்லாம் அவர் கையில்தான் பிழைத்தன. 1981இல் நிர்வாகம் பழைய வண்டிகளைக் கழித்துப் புதியன வாங்கியது. துரைமார் குடும்பம் ஏறிவந்த இந்த வண்டியும் கழிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அதன் உள்ளும் புறமும் அறிந்தவர் அப்பா. 2,800 வெள்ளிக்குக் கேட்டு வாங்கிவிட்டார்.

அந்தப் பணம் வண்டிக்காகச் சேர்த்ததன்று. தாப்பாவில் மலிவு விலை வீடுகளுக்கு முன்பணம் கட்டத் தோட்டத்தில் சிலர் பெயர் கொடுத்திருந்தார்கள். அப்பாவும் கொடுத்திருந்தார். அம்மா கொழுந்தெடுத்துச் சேர்த்த காசும் அதில் பாதி. வண்டி வாசலில் வந்து நின்ற மாலையில் லயத்துப் பிள்ளைகள் அனைவரும் ஏறிக் குதித்தார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. நானும் குதித்தேன். அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பின்னான நாள்களை நினைத்தால், அப்பா அதை நமக்காகத்தான் வாங்கினாரா என்றே ஐயம் எழும். தோட்டத்தில் டிரசர் ஒருவர் இருந்தார். அவரால் ஆகாததற்குத் தானா ராத்தா மருத்துவமனைக்குத்தான் வரவேண்டும். இரவில் கதவு தட்டப்பட்டால், அப்பா சாவியை எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பார். நடு இருக்கையில் பிரசவ வலியோடு ஒரு பெண், அவளுடைய மாமியார், முன்னால் கணவன். பின்பலகையில் அரிக்கேன் விளக்கோடு நான், துணைக்கு. இரண்டு பிள்ளைகள் வழியிலேயே பிறந்தன. அதில் ஒருத்தி பின்னாளில் என் மாணவி.

தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக்குப் போவோம். பன்னிருவர் ஏறவேண்டிய வண்டியில் இருபது பேர் இருப்போம். அப்போது சிம்பாங் பூலாய் பாதை இல்லை. தாப்பாவுக்கு இறங்கித்தான் போகவேண்டும். வளைவுக்கு வளைவு யாராவது வாந்தி எடுப்பார்கள். லாத்தா இஸ்கந்தார் அருவியருகே நிறுத்தி, முகம் கழுவி, வண்டிக்கும் தண்ணீர் காட்டிவிட்டுப் புறப்படுவோம். வண்டியின் கூரையோரத்தில் வளைந்த சிறு கண்ணாடிச் சன்னல்கள் உண்டு. பின்பலகையில் அண்ணாந்து சாய்ந்தால், அவற்றின் வழியே மரங்களும் மூடுபனியும் ஓடும். கூரைக்கு மேல் இன்னொரு கூரையும் உண்டு. வெப்பநாடுகளில் வெயிலைத் தடுக்க வைத்த ஏற்பாடு அது. எங்கள் மலையில் வெயிலுக்கு வேலையில்லை. மழையின் இரைச்சலைத்தான் அது குறைத்தது. ஆண்டுத் தேர்வுக்கு முன் அப்பா மாணவர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது, அந்த இரண்டு கூரைகளுக்குக் கீழே நாங்கள் வாய்பாடு ஒப்பிப்போம்.

பள்ளிப் பிள்ளைகளின் கால் எட்டாது என்பதால் பின்கதவின் கீழ் அப்பா ஒரு மரப்படி பொருத்தினார். பிடித்துக்கொள்ள உள்ளே ஓர் இரும்புக் குழாயைப் பற்றவைத்தார். அதில் வண்ணம் தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிகிறது. அத்தனை சிறு கைகள் பிடித்த இடம்.

பெட்ரோலுக்கு? ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும் வண்டி. வந்தவர்கள் முடிந்ததைக் கொடுப்பார்கள். முடியாதவர்கள் "சம்பளத்துக்குத் தர்றேண்ணே" என்பார்கள். அப்பா அதை 555 புத்தகத்தில் எழுதுவார். நம் நாட்டில் மளிகைக் கடைக் கடன் எழுதும் அந்தச் சின்னப் புத்தகத்தை அறியாதவர் இருக்கமாட்டார்கள். முன்பக்கத்திலிருந்து வண்டிக் கணக்கு: எண்ணெய் மாற்றிய நாள், பிளக்கு மாற்றிய நாள், சட்டத்திற்குக் கழிவெண்ணெய் பூசிய நாள். பின்பக்கத்திலிருந்து கடன் கணக்கு: பெயர், தொகை, எதற்காகப் போனது என்று ஓரிரு சொல். நாற்பத்தொரு புத்தகங்கள். கடன் பக்கங்களில் அடிக்கப்பட்டவை சில; அடிக்கப்படாதவையே மிகுதி.

ஆண்டுக்கு இருமுறை, மழை குறையும் நாள்களில் அப்பா வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். பட்டறையில் மிஞ்சிய கழிவெண்ணெயைத் தூரிகையால் சட்டம் முழுவதும் பூசுவார். தெருவெல்லாம் நாறும். அம்மா ஏசுவார். ஐம்பத்தாறு ஆண்டுப் பழைய சட்டம் இன்று சுத்தியலால் தட்டினால் மணிபோல ஒலிக்கிறதென்றால் அந்த நாற்றம்தான் காரணம். வண்டியை இவ்வளவு நன்றாக எப்படிப் பாதுகாத்தீர்கள் என்று கேட்பவர்களிடம் நான் வேறென்ன சொல்வது? எங்களிடம் வேறு சொத்து இல்லை. சொந்த வீடு வைத்திருப்பவர் சுண்ணாம்பு அடிப்பார். அப்பா சட்டத்திற்கு எண்ணெய் பூசினார்.

1995இல் அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயது நிரம்பியது. வேலை முடிந்தால் வீடும் முடியும். தோட்டத்து வாழ்க்கையின் எழுதப்பட்ட விதி அது. தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறை உண்டு உறங்கிய லயத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தோம். கட்டில், அலமாரி, ஆட்டுக்கல், சாமிப் படங்கள், முருங்கைக் கன்று ஒன்று. எல்லாம் இரண்டே நடையில் இந்த வண்டியில் அடங்கிவிட்டன. அம்மா நடு இருக்கையில் அமர்ந்து, "ஐம்பது வருச வாழ்க்க ரெண்டு நடையில முடிஞ்சிருச்சு" என்றார். பிறகு ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து, "நல்லவேளை, ஏத்திப் போக வண்டியாவது இருக்கு" என்று சேர்த்துக்கொண்டார். அது பாராட்டா ஏசலா என்று அப்பாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அரசாங்க வீட்டுக் கடனில் நான் தானா ராத்தாவில் ஒரு சிறு வீடு வாங்கியிருந்ததால், பெற்றோர் என்னோடு வந்துவிட்டார்கள். தம்பி அப்பாவின் வழியில் தோட்டத்துப் பட்டறையில் சேர்ந்தான். இன்றும் தோட்டத்து வீட்டில்தான் குடியிருக்கிறான்.

அப்பா 2024இல் தம் எண்பத்து நான்காம் வயதில் மறைந்தார். இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு வரை ஞாயிறு தவறாமல் வண்டியை முடுக்கி, பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். லேண்ட் ரோவர் நிறுவனத்தை இந்தியாவின் டாட்டா 2008இல் வாங்கிய செய்தியை நாளிதழில் படித்தபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "தொர வண்டிய நாம வாங்குனோம். இப்ப கம்பெனியையே நம்ம ஊர்க்காரன் வாங்கிட்டான்!" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். தமக்குத் துணை கிடைத்துவிட்டது போன்ற மகிழ்ச்சி.

அவர் போன பின் வண்டியின் பெயரை மாற்றுவதற்கு அமானா ராயா அலுவலகத்திற்குப் போனோம். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துகளைப் பட்டியலிடச் சொன்னார்கள். இறந்தவரின் சொத்துக்கும் ஆங்கிலத்தில் 'எஸ்டேட்' என்றுதான் பெயர். பிறந்தது எஸ்டேட்டில், உழைத்தது எஸ்டேட்டில், விட்டுச்சென்ற எஸ்டேட் ஓர் எஸ்டேட் கார். படிவத்தில் நிலம் என்ற இடத்தில் கோடு போட்டேன். வீடு என்ற இடத்தில் கோடு போட்டேன். வாகனம் என்ற இடத்தில் பகாங் மாநிலத்தின் 'சி' எழுத்தில் தொடங்கும் எண்ணை எழுதினேன்.

விற்க வேண்டும் என்று முதலில் சொன்னவன் தம்பி. எனக்குக் கோபம் வந்தது. "அப்பா மூச்சு அதுல இருக்குடா" என்றேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மெல்லச் சொன்னான்:

"அக்கா, எனக்கு இன்னும் நாலு வருசம்தான் வேல. அப்பறம் நானும் சாவியக் குடுத்துட்டு வெளிய வரணும். ரிங்லெட்ல ஒரு வீடு பேசியிருக்கேன். முன்பணம் கொறயுது. உனக்கு வீடு இருக்கு. அதனாலதான் வண்டிய வச்சுக்கணும்னு தோணுது."

அதற்குமேல் நான் வாதாடவில்லை. பன்னிரண்டு மாணவர்களுக்கு முன் நின்று ஒழுக்கம் போதிக்கும் எனக்கு, என் தம்பி ஒரு வரியில் பாடம் நடத்திவிட்டான். அவன் பங்கை நானே கொடுத்து வண்டியை வைத்துக்கொள்ளலாமா என்று அன்றிரவு வைப்பகக் கணக்கைப் புரட்டினேன். மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். நானும் 2027இல் ஓய்வு பெறுகிறேன். முடியாது. முடிந்தாலும் அடியில் படுத்து எண்ணெய் பூச யார் இருக்கிறார்கள்? ஓடாமல் நிற்கும் வண்டியை இம்மலைப் பனி ஈராண்டில் தின்றுவிடும். நினைவுக்காக நிறுத்திவைப்பதும் ஒருவகையில் சாகவிடுவதுதான்.

அட்டை ஒட்டிய முதல் வாரமே கம்போங் ராஜாவிலிருந்து காய்கறித் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். சீனர், நல்ல மனிதர். அவருடைய மகன்களுக்கு நான் தேசியமொழி கற்பித்தவள். அடியைப் பார்த்தார், தட்டினார், வியந்தார். 16,000 வெள்ளி என்றார். "சிக்கு, பின்னால் இருப்பதெல்லாம் எனக்கு வேண்டாம். கூரையைக் கழற்றி, பின்கதவுகளை வெட்டி, கோசு ஏற்றுவேன். ஆனால் இந்தச் சட்டம் இன்னும் முப்பது ஆண்டு ஓடும்" என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. வெட்டப்பட்டாலும் உழைத்துக்கொண்டிருக்கும். கூரையோரச் சன்னல்களைப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்து வந்தவர் பெட்டாலிங் ஜெயாவைச் சேர்ந்த மலாய்க்காரர். ஓய்வு பெற்ற பொறியாளர். பழைய லேண்ட் ரோவர்களைச் சேகரிப்பவர். அவரிடம் நான் குறைகளை முதலில் சொன்னேன். ஸ்டியரிங் பெட்டியில் எண்ணெய் கசியும். இடப்புறக் கால்வைக்கும் இடத்தில் துருவெடுத்து அப்பா ஒட்டுப்போட்டிருக்கிறார். முதல் இரண்டு கியருக்கும் இறங்கும்போது கிளட்ச்சை இருமுறை மிதித்து ஓசையைக் காதால் கேட்டுத்தான் போடவேண்டும். அவசரப்பட்டால் பல் கடிக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழ் மெதுவேகத்திற்கு. இரண்டும் வேலை செய்கின்றன. மின்கலம் செத்தாலும் முன்னால் கைப்பிடி செருகிச் சுழற்றி முடுக்கலாம். சுழற்றும்போது கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கக்கூடாது. எதிர்த்து உதைத்தால் எலும்பு முறியும்.

அவர் சிரித்துக்கொண்டே, "விற்பவர் குறையைச் சொல்லி நான் கேட்டதில்லை" என்றார். 38,000 வெள்ளி தருவதாகச் சொன்னார். முழுமையும் ஒரே தவணை. வெட்டமாட்டார். ஆனால், 1969இல் ஆலையிலிருந்து வந்த நிலைக்கு மாற்றுவார். அப்படியென்றால் மரப்படியும் பற்றவைத்த குழாயும் போய்விடும். அவை ஆலை போட்டவை அல்லவே!

பிறகு அவர் அந்த 555 புத்தகங்களைக் கண்டார். பாதுகாப்புக் குறிப்பு இவ்வளவு முழுமையாக உள்ள வண்டி அரிது என்றும், புத்தகங்களையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் 2,000 வெள்ளி தருவதாகவும் சொன்னார். தமிழ் தெரியாவிட்டாலும் எண்களும் நாள்களும் அவருக்குப் புரிந்தன.

அன்றிரவு புத்தகங்களை மேசையில் பரப்பினேன். முன்பக்கங்களைக் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால், திருப்பினால் பின்பக்கம். ஒரு பெண்ணின் பெயர்; பதினைந்து வெள்ளி; "பிள்ளை தங்கவில்லை." ஒரு முதியவரின் பெயர்; பத்து வெள்ளி; "கண் ஆப்பரேசன்." இன்னொரு பெயர், ஆறு வெள்ளி, "மகனைப் பார்க்கச் சிறைக்கு." இவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். இது வண்டியின் வரலாறா? ஊராரின் துன்பக் கணக்கு. கொடுத்தவர் கேட்காமல் விட்ட கடனை நான் 2,000 வெள்ளிக்கு விற்பதா?

அம்மாவிடம் கேட்டேன். எண்பது வயதில் பார்வை மங்கியிருந்தாலும் அவருடைய கணக்கு மங்கவில்லை. "வண்டிய குடு. புத்தகத்த குடுக்காத. அது நம்ம பொருள் இல்ல" என்றார்.

"வண்டிய குடுக்கச் சங்கடமா இல்லையாம்மா?"

"வீடு வாங்க வேண்டிய காசுல வண்டி வாங்குனாரு. இப்ப வண்டியக் குடுத்து வீடு வாங்குறோம். அவரு கணக்க நான் முடிச்சு வைக்கிறேன்."

நாற்பத்து நான்கு ஆண்டுகள் அம்மா சுமந்த கணக்கு அது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றியும் இல்லை, கசப்பும் இல்லை. சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் கொடுத்தார்.

முன்பக்கங்களை மட்டும் நகலெடுத்து, ஒவ்வொரு குறிப்பையும் மலாயில் மொழிபெயர்த்துப் பொறியாளருக்குக் கொடுத்தேன். நாற்பத்தொரு புத்தகம், பள்ளி விடுமுறை முழுவதும் ஆயிற்று. பின்பக்கங்களைப் பற்றி அவர் கேட்டபோது உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், "அப்படியானால் அந்த மரப்படியைக் கழற்றமாட்டேன்" என்றார். குழாயைப் பற்றி உறுதி கூறவில்லை. நானும் கேட்கவில்லை. விற்ற பொருளின் மேல் விற்றவருக்கு எவ்வளவுதான் உரிமை இருக்கும்?

வாகனப் பரிசோதனையும் பெயர் மாற்றமும் முடிந்தபின், இழுவை வண்டி கொண்டுவந்து ஏற்றிப் போவதாக அவர் சொன்னார். மலைப்பாதையை நானே ஓட்டி இறக்கித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஒப்படைக்கும் இடமாக நான் சொன்னது தாப்பா ரோட் தொடர்வண்டி நிலையம். கொஞ்சம் நாடகத்தனம்தான், மன்னியுங்கள். தாத்தா இறங்கிய நிலையம் அது. 'ஸ்டேஷன் வேகன்' என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகளில் அது ஒருமுறைகூட ஒரு தொடர்வண்டி நிலையத்தைப் பார்த்ததில்லை.

சென்ற சனிக்கிழமை விடியலில் புறப்பட்டோம். முன்னிருக்கையில் நடுவில் அம்மா, ஓரத்தில் தம்பி. "ஏறுன கியர்லயே எறங்கணும், பிரேக்க நம்பாத" என்று அப்பா சொல்லித்தந்தபடி இரண்டாம் கியரில் இறங்கினேன். லாத்தா இஸ்கந்தாரில் நிறுத்தினோம். அம்மா இறங்கி, கையில் அள்ளிய அருவி நீரை வண்டியின் முன்மூக்கில் தெளித்தார். ஒன்றும் பேசவில்லை.

நிலையத்தில் பொறியாளர் காத்திருந்தார். கிளட்ச் மிதிக்கும் முறையை மீண்டும் ஒருமுறை காட்டினேன். அவர் முயன்றார், பல் கடித்தது. இரண்டாம் முறை சரியாக விழுந்தது. பிறகு இழுவை வண்டியின் மேல் ஏற்றிக் கட்டினார்கள். தெற்கே திரும்பி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பின்கதவின் கீழே மரப்படி தெரிந்தது.

பேருந்தில் மலையேறும்போது தம்பி ரிங்லெட்டில் இறங்கிக்கொண்டான். பேசிவைத்த வீட்டை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றான். நாங்களும் இறங்கினோம். இரண்டு அறை, ஒரு சிறு முற்றம். அம்மா சுவரைத் தட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். வண்டி வாங்க வந்தவர்களைப் போலவே.

555 புத்தகங்கள் நாற்பத்தொன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. அதில் பெயருள்ள எவரேனும், அல்லது அவர்தம் பிள்ளைகள் எவரேனும் வந்து கேட்டால், அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிடுவேன். பணம் வேண்டாம்.